எலிக்குச் சொன்ன புத்தி

ஏங்கண்ணு, உங்காபீசுல மாத்தம் கொண்டாரப் போறீங்களாமா? அதுக்கு ஒரு அடுக்குப் பொஸ்தகம் வேற வாங்கியாந்திருக்கறே. கொண்டா, கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு பார்வை பாக்கறேன். மில்லுல கணக்கெழுதுன கண்ணு இது, இங்கிலீசுக்குப் பயப்படாது.

மேல கெடக்கறது ஜான் காட்டருது. ஹார்வர்டு வாத்தியாரு. 1996-ல ‘லீடிங் சேஞ்ச்’னு எழுதுனாரு. மாத்தத்துக்கு எட்டுப் படியாமா. மொதப் படி என்ன? இப்ப மாறலீன்னா கெட்டோம்னு அல்லாருக்கும் ஒறைக்கோணும். சரியான பேச்சுத்தான். ஆனா உங்காபீசுல அந்த அவசரம் ஆருக்கு இருக்குது? மேனேஜருக்கா, அவரு கூட்டியாந்த கன்சல்டன்டுக்கா? மிசினுகிட்ட நிக்கறவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஆபீசு ரெண்டுபட்டாக் கன்சல்டன்டுக்குக் கொண்டாட்டம், அவ்வளவுதான். காட்டரே பொறவு அந்த எட்டுப் படியையும் பென்குயின் கதையாச் சொல்லிப் பாத்தாரு. பனிமலை உருகுதுன்னு ஒண்ணு கத்துது, மத்ததுக நம்ப மாட்டேங்குது. பெரிய ஆபீசருங்களுக்குப் படம் போட்டுச் சொன்னாத்தான் ஏறும் போல.

அதென்ன ஒல்லிப் பொஸ்தகம்? ஓ, எலிக் கதை! ‘ஹூ மூவ்டு மை சீஸ்?’ ஸ்பென்சர் ஜான்சன் எழுதுனது, 1998. ரெண்டு எலி, ரெண்டு குட்டி மனுசன். ஒரு நா வெச்ச எடத்துல சீஸைக் காணோம். எலிக ரெண்டும் வேற எடம் பாத்து ஓடிருது. மனுசங்க ரெண்டு பேரும் குந்தி ஞாயம் பேசறாங்க. எலிதான் புத்திசாலியாமா! அமெரிக்காவுல கம்பெனிக்காரங்க இதைக் கட்டுக்கட்டா வாங்கி வேலைக்காரங்களுக்குக் குடுத்தாங்க. அதுலயும் சில பேரு எப்பக் குடுத்தாங்க தெரியுமா? ஆளக் கொறைக்கற நேரத்துல. சீஸை எடுத்தவனே பொஸ்தகத்தைக் கையில குடுத்து, “ஆரு எடுத்தான்னு கேக்காத, ஓடு”ங்கறான். இந்தத் தெகிரியம் நம்மூரு வட்டிக்காரனுக்குக்கூட வராது.

ஹாமரும் சாம்பியும் 1993-ல எழுதுனது கீழ கெடக்குது பாரு, ‘ரீஇன்ஜினியரிங் த கார்ப்பரேஷன்’. பழசையெல்லாம் தொடச்சுப் போட்டு வெறுந்தாள்ல இருந்து ஆரம்பின்னாங்க. கம்பெனிக அதை அருவாளா எடுத்துக்கிட்டு ஆளுகளத்தான் வெட்டுச்சு. மூணு வருசங் கழிச்சு ஹாமரே ஒத்துக்கிட்டாரு, மனுசங்களைப் பத்திப் போதுமான அளவு ரோசிக்கலீன்னு. வேலை போனவனுக்கு அதுல என்ன கெடச்சுது?

அதாரு, நல்ல கம்பெனி எப்பிடி ஒசந்த கம்பெனியாச்சுன்னு எழுதுன காலின்ஸ் பொஸ்தகமா? 2001-ல பதினொரு கம்பெனியைப் பொறுக்கி எடுத்து மெச்சுனாரு. அதுல சர்க்கிட் சிட்டி 2008-ல திவாலாயிருச்சு. சரி, அப்பறம் வெய்யி.

எனக்குப் புடிச்ச ஆளு லூ கெர்ஸ்ட்னர். ஐபிஎம் நட்டத்துல முழுகிக் கெடந்தப்ப, 1993-ல, தலைவரா வந்தாரு. கம்ப்யூட்டர்க்காரரே இல்ல, பிஸ்கட்டும் சிகரெட்டும் விக்கற கம்பெனியில இருந்து வந்தவரு. ஆபீசர் ஒருத்தரு வழக்கம்போல புரொஜக்டர் போட்டுச் செவுத்துல தாள் தாளாக் காட்ட ஆரம்பிச்சாரு. ரெண்டாவது தாள்லயே இவரு எந்திரிச்சுப் போயி மிசினை அமத்திட்டாரு. உங்க தொழிலைப் பத்திச் சும்மா வாயால பேசுங்கன்னாரு. அன்னைக்கே அந்தச் சேதி ஐபிஎம் முச்சூடும் பரவிருச்சாமா. எத்தன சுற்றறிக்கை விட்டாலும் இப்பிடிப் பரவுமா? 2002-ல அவரே பொஸ்தகமா எழுதி வெச்சிருக்கறாரு. வாங்கறதுன்னா அதை வாங்கு. ஒண்ணு போதும், உன்ற மொதலாளி மேசை மேல வெய்யி. வேலைக்காரங்களுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.

ஆமா, நாளைக்குக் கூட்டத்துக்கு எத்தன ஸ்லைடு போட்டு வெச்சிருக்கறே? அறுவதா? கரண்டு போச்சுன்னா என்ன பண்ணுவே கண்ணு?