இளம் பச்சோந்திக்கு மருந்தூட்டல்: ஓர் உழைச்செல்வானின் ஆய்வு

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து அதைக் கொடுப்பவர். முதல் மூன்று கூறுகளைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிக் குவித்தாயிற்று. நான்காமவராகிய உழைச்செல்வானைப் பற்றித் தமிழ் ஆய்வுலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. காரணம் எளிது. நோயாளி படுத்திருக்கிறார், மருத்துவர் வீட்டுக்குப் போய்விட்டார், மருந்து புட்டிக்குள் இருக்கிறது. உழைச்செல்வானோ கையில் கரண்டியோடு வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறான். ஓடுகிறவனை நிறுத்தி யார் பேட்டி எடுப்பது?

அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். எல்லா வகை நோயாளிகளையும் எடுத்துக்கொண்டால் கட்டுரை விரியும் என்றஞ்சி, ஒரே ஒரு நோயாளியோடு நிறுத்திக்கொள்கிறோம். அது மூன்று மாத வயதுள்ள வளர்ப்புப் பச்சோந்தி. இதற்கு மருந்து கொடுக்கத் தெரிந்தவனுக்கு மற்ற உயிர்களுக்குக் கொடுப்பது கைவந்த கலை என்பது நமது கருதுகோள்.

ஆய்வுக் களம், அமெரிக்காவில் மகள் வீடு. ஆய்வாளர், விசிட்டர் விசாவில் வந்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். காலை எட்டு மணிக்கு மேல் மகளும் மாப்பிள்ளையும் அலுவலகம் போய்விடுவார்கள். பேரன் பள்ளிக்குப் போய்விடுவான். வீட்டில் எஞ்சுவோர் இருவர். அவ்விருவருள் ஒருவர் மருந்து கொடுக்க வேண்டும், மற்றவர் குடிக்க வேண்டும். "தாத்தா, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்பதே எமக்குக் கிடைத்த பணிநியமன ஆணை.

சட்டக் குறிப்பு ஒன்று. நம் ஊர் வேலிகளில் ஊரும் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். எனவே இவ்வாய்வை ஊரில் யாரும் செய்து சரிபார்க்க முற்பட வேண்டாம்.

முன்னோர் ஆய்வுகள்

பச்சோந்திக்கு மருந்து கொடுத்தவர் எவரேனும் முற்காலத்தில் உண்டோ எனத் தேடப் புகுந்தால், எதிர்த்திசையில் பயணம் செய்தவர்களே அகப்படுகிறார்கள். அவர்கள் பச்சோந்தியையே மருந்தாக்கினார்கள். முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் பிளினி எழுதிய இயற்கை வரலாறு 37 புத்தகங்கள் கொண்டது. அதன் 28ஆம் புத்தகத்தில் பச்சோந்தி வைத்தியம் விரிவாக வருகிறது. தலையையும் தொண்டையையும் கருவாலி விறகில் எரித்தால் மழையும் இடியும் வருமாம். உயிரோடு இருக்கும்போது பிடுங்கிய வலக்கண்ணை ஆட்டுப்பாலோடு சேர்த்தால் கண்ணில் விழுந்த பூ மறையுமாம். உயிரோடு அறுத்த நாக்கு வழக்கில் வெற்றி தருமாம். இவற்றையெல்லாம் கிரேக்க அறிஞர் டெமாக்ரிடஸின் பெயரில் சொல்லிவிட்டுப் பிளினியே கேலியும் செய்கிறார். அடுத்த நூற்றாண்டின் ஆலஸ் கெல்லியஸ், டெமாக்ரிடஸ் இப்படி எழுதியிருக்கவே மாட்டார் என்று மறுத்தார். பெரியவர் பெயரில் போலி மருத்துவக் குறிப்பைச் சுற்றுக்கு விடும் வழக்கம் வாட்ஸ்அப்புக்கு முற்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

அதே பிளினி, பச்சோந்தி உண்பதும் இல்லை, பருகுவதும் இல்லை, காற்றைக் குடித்தே வாழ்கிறது என்றும் எழுதினார். பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் அதையே சொல்கிறான். இக்கூற்று தவறாயினும், நோயுற்ற பச்சோந்தியின் முன் மருந்தோடு நின்றவர் எவரும் இது எப்படிப் பிறந்தது என்று வியக்கமாட்டார்.

பச்சோந்தியைக் கொல்லாமல் வீட்டில் வைத்துப் பேணிய முன்னோடிகளுள் ஒருவர், 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் நாவலாசிரியை மதலேன் தெ ஸ்குதேரி. எகிப்திலிருந்து வந்த பச்சோந்திகளை வளர்த்து, கண்டவற்றை 1688இல் அச்சிட்டார். அதே நகரில் க்ளோத் பெரோ 1669இலேயே ஒரு பச்சோந்தியை அறுத்துப் பார்த்து உடற்கூறு எழுதிவிட்டார். அறுத்தவர் மருத்துவர், பேணியவர் நாவலாசிரியர். உழைச்செல்வான் மரபு இலக்கியவாதிகளிடமிருந்து தொடங்குகிறது என்று நாம் நிறுவுவதற்கு இது ஒன்றே போதும்.

கூறு ஒன்று: நோயாளி

மருத்துவ அறம் கருதி நோயாளியின் பெயரை வெளியிடவில்லை. இனம், ஏமனையும் சவுதி அரேபியாவின் தென்மேற்கையும் தாயகமாகக் கொண்டது. உச்சந்தலையில் கொண்டை போல முகடு எழுந்து நிற்பது. எடை 20 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களைத் தராசில் வைத்தால் நோயாளியின் தட்டு மேலே போய்விடும்.

நோய், சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு மெலிதல். குஞ்சுப் பருவத்தில் வேகமாக வளரும் உடலுக்குக் கால்சியம் நிறைய வேண்டும். தின்னும் பூச்சிகளிலோ பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். கிடைக்கிற கொஞ்சத்தையும் உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அதை உண்டாக்கப் புற ஊதா பி கதிர் தோலில் பட வேண்டும். சன்னல் ஓரமாக வைத்தால் வெயில் படுமே என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? எனின், சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டு அந்தக் கதிரை வெளியே நிறுத்திவிடும் என்க.

அறிகுறிகளை அருகிருந்து கண்டோம். பச்சோந்தியின் பாதத்தில் ஐந்து விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து இடுக்கி போல் இருக்கும். முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் அப்படியே தலைகீழ். நலமாக உள்ளது குச்சியைப் பற்றினால் எடுக்க முடியாது. நம் நோயாளியின் பிடி தளர்ந்திருந்தது, முன்கை வில்லாக வளைந்திருந்தது. உடல் நீளத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பாய வேண்டிய நாக்கு பாதி வழியில் நின்று, பூச்சி இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை முன்பே திரும்பிவிட்டது. பூச்சி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கூறு இரண்டு: தீர்ப்பான் ஆகிய மருத்துவர்

இவ்வகை உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. இருக்கிற ஒருவரிடம் நேரம் வாங்கிப் போனால், அவர் நோயாளியை ஐந்து நிமிடமும் கூண்டின் படத்தைப் பதினைந்து நிமிடமும் பார்த்தார். விளக்கு எப்போது வாங்கியது, எந்த உயரத்தில் தொங்குகிறது, பூச்சிக்கு என்ன தீனி என்று கேள்வி மேல் கேள்வி. புற ஊதா விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரியும்போதே கதிர் தீர்ந்துபோயிருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். முதலில் விளக்கை மாற்றுங்கள், பூச்சிக்குக் கால்சியம் பொடி தூவுங்கள், மருந்து மூன்றாவது என்றார். மூன்றாவதுக்காகத்தான் நாம் போயிருந்தோம்.

கூறு மூன்று: மருந்து

மருந்து கால்சியம் கலந்த இனிப்புப் பாகு. மருத்துவர் எழுதிய அளவு வேளைக்கு 0.02 மில்லி. இதைக் கொடுப்பதற்கான கருவி, ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சு. அதில் 100 கோடுகள் உண்டு, நமக்குரியவை இரண்டு. சாதாரணச் சொட்டுக் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று கொண்டால், ஒரு சொட்டு 0.05 மில்லி. ஆக நாம் கொடுக்க வேண்டியது அரைச் சொட்டுக்கும் குறைவு. கொடுத்த பின் விரலில் ஒட்டியிருப்பது அதைவிட அதிகம்.

கூறு நான்கு: உழைச்செல்வான்

இனி ஆய்வின் மையப் பகுதிக்கு வருவோம். மருந்தூட்டும் வழிகள் எத்தனை என வினவின், நீதி நூலார் பகைவரை வெல்லச் சொன்ன சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கே இங்கும் என்க. எளிதில் தள்ளத்தக்கதிலிருந்து தொடங்குவோம்.

தண்டமாவது, வாயைக் கையால் பிளந்து ஊற்றுதல். நோயால் தாடை எலும்பு மெழுகாக இளகியிருக்கும் குஞ்சுக்கு இது தாடை முறிவில் முடியும். சினமூட்டிச் சீற வைத்து, வாய் திறந்த கணத்தில் உள்ளே விடுவதும் தண்டத்தின் ஒரு கிளையே. மூச்சுக்குழலின் வாய் நாக்கடியிலேயே திறந்திருப்பதால், அவசரத்தில் விட்ட மருந்து வயிற்றுக்குப் பதில் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். மருத்துவர் தம் கையால் செய்ய வேண்டியதை மற்றவர் செய்யலாகாது.

தானமாவது, மருந்தைப் புழுவுக்குள் செலுத்திக் கொடுத்தல். குழந்தைக்கு வாழைப்பழத்தில் மாத்திரை வைக்கும் நம் வழக்கமே இது. பொடி மருந்தாயின் சுவர்க்கோழிப் பூச்சியின் மேல் தூவலாம். திருநீறு பூசிய கோலத்தில் அது கூண்டுக்குள் இறங்கும். ஆனால் சுவர்க்கோழி சுத்தம் பேணும் பூச்சி. நோயாளி யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது காலால் துடைத்துத் துடைத்துப் பொடியை உதிர்த்துவிடும். தவிர, உண்கிற நோயாளிக்கே தானம் பயன்படும். உண்ணாமை நோயின் அறிகுறியாக இருக்கும்போது உணவில் மருந்து வைப்பது, உறங்குகிறவருக்குத் தந்தி அடிப்பது.

பேதமாவது, நோயாளியின் இரு கண்களுக்குள் பிளவு உண்டாக்குதல். பச்சோந்தியின் கண்கள் தனித்தனியே சுழல்வன. இமைகள் ஒட்டிக் கூம்பாகி, நடுவில் பாவை அளவுக்கு ஒரு துளை மட்டும் இருக்கும். இடக்கண் பூச்சியில் இருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து சிரிஞ்சை நீட்டலாமே என்பது நம் திட்டம். பேரன் இடப்புறம் பூச்சியைக் காட்டினான், நாம் வலப்புறம் நின்றோம். நோயாளி இடக்கண்ணால் பூச்சியையும் வலக்கண்ணால் நம்மையும் ஒரே சமயத்தில், ஒரே அலட்சியத்தோடு பார்த்தது. நாக்கை எறியும் முன் இரு கண்களும் இரைமேல் குவியும். அந்தக் கணம் நமக்கு வாய்க்கும். ஆனால் அப்படிக் குவிந்து தின்ன வருகிற நோயாளிக்குப் பேதம் எதற்கு, தானமே போதுமே? பசியில்லாத நோயாளிக்கோ கண் குவிவதே இல்லை. ஆகவே பேதம் ஏட்டில் மட்டும் வாழும் உபாயம்.

எஞ்சுவது சாமம். பச்சோந்தி கிண்ணத்து நீரைக் கண்டுகொள்வது அரிது. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். காலையில் விளக்கின் சூட்டில் உடல் காய்ந்த பின், கூண்டின் இலைகளில் நீர் தெளிக்க வேண்டும். அது துளிகளைத் தேடி நக்கத் தொடங்கியதும் சிரிஞ்சின் நுனியை உதட்டோரம் கொண்டுபோய், மருந்தை ஒரு துளியாக நிறுத்த வேண்டும். ஊற்றக் கூடாது, நிறுத்த வேண்டும். உதடு நனைந்ததும் நாக்கு தானே வரும்.

நான்கு சொற்றொடரில் சொல்லி முடித்த இதற்கு முற்பகல் முழுவதும் ஆகும். மேலிருந்து கை வந்தால் பறவை வந்ததாக எண்ணும். எனவே கை கீழிருந்து வர வேண்டும். நாம் நெருங்கினால் அது குச்சியின் மறுபக்கம் போகும். நாம் சுற்றி அங்கே போனால் அது இந்தப் பக்கம் வரும். உடலைத் தகடாக ஒடுக்கிக் குச்சிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு கண்ணை மட்டும் விட்டு வைத்திருக்கும். வீட்டுவரி கேட்டு வந்தவரை இப்படிப் பார்த்த வீட்டுக்காரரை நாம் பலமுறை கண்டதுண்டு. அப்போது உழைச்செல்வான் செய்ய வேண்டியது ஒன்றே: நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும்.

நிறமும் மெய்ப்பாடும்

பச்சோந்தி ஒட்டிய இடத்தின் நிறத்துக்கு மாறும் என்பது அரசியல் மேடையில் மட்டும் உண்மை. நிறம் அதன் மனநிலையையும் உடற்சூட்டையும் காட்டுவது. தோல் செல்களில் அடுக்கியிருக்கும் குவானின் படிகங்களின் இடைவெளி மாற, நிறமும் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தது மடகாஸ்கர் இனம் ஒன்றை.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். அவற்றுள் நான்கை நம் நோயாளியிடம் கண்டோம். சிரிஞ்சைக் கண்டதும் பழுப்புக் கோடுகள் எழுவது அச்சம். கருத்துப்போய் வாய் பிளப்பது வெகுளி. சிரிஞ்சை மேசையில் வைத்ததும் பச்சை திரும்புவது உவகை. மருந்தை விழுங்கிவிட்டு நம்மைப் பார்ப்பது இளிவரல். இதற்கு நிறம் இல்லை, பார்வை போதும். நகை என்னும் மெய்ப்பாடு பள்ளியிலிருந்து திரும்பிய பேரனிடம் மட்டுமே காணப்பட்டது.

உழைச்செல்வானுக்கு இந்நிறங்கள் கடிகாரம் போலப் பயன்படும். கருப்பு என்றால் இன்று வேண்டாம், பழுப்பு என்றால் சற்றுப் பொறு, பச்சை என்றால் நெருங்கு. மனித நோயாளிகளிடம் இவ்வசதி இல்லாமையே குடும்பங்களில் பல மருந்துக் கரண்டிகள் தட்டிவிடப்படுவதற்குக் காரணம்.

ஆய்வு முடிவுகள்

ஒன்று: நாக்கு மீண்டும் குறி தவறாமல் பாய்கிறது, பிடி இறுகியிருக்கிறது. வளைந்த எலும்பு நிமிரவில்லை. மேலும் வளையாமல் நின்றுவிட்டது.

இரண்டு: இதில் பெரும்பங்கு புது விளக்குக்கும் பூச்சிமேல் தூவிய பொடிக்கும் உரியது. இரண்டு கோடு பாகுக்குச் சிறுபங்கு. உழைச்செல்வானின் பங்கு, செய்தவற்றில் குறைவு. செய்யாமல் விட்டவற்றில் மிகுதி. வாயைப் பிளக்கவில்லை, துரத்தவில்லை, கருத்திருந்த நாளில் நெருங்கவில்லை. அருகில் சும்மா இருக்கத் தெரிவதே நான்காம் கூறின் இலக்கணம் என்பதும், பேரன் நம் தகுதியை முதலிலேயே சரியாகக் கணித்திருந்தான் என்பதும் இதனால் பெறப்படும்.

மூன்று: நோய் தீர்ந்தால் புகழ் மருத்துவருக்கு, தீராவிட்டால் பழி உழைச்செல்வானுக்கு. இவ்விதி பச்சோந்திக்கு மட்டும் உரியதன்று.

மேலாய்வு செய்ய விரும்புவோர் விரைந்து செய்க. நம் நோயாளியின் இனம் ஓராண்டுக்குள் முழு வளர்ச்சி அடைந்துவிடும். தலைப்பில் உள்ள 'இளம்' என்னும் அடைமொழி அதன்பின் செல்லாது. மடகாஸ்கரின் லபோர்டு பச்சோந்தியை எடுத்துக்கொள்வோர் இன்னும் விரைய வேண்டும். முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம் இருந்து, வெளிவந்தபின் நான்கைந்து மாதமே வாழ்வது அது. நம் பல்கலைக்கழகங்களில் நெறியாளர் தலைப்புக்கு ஒப்புதல் கையெழுத்திடுவதற்குள் ஆய்வுப் பொருளின் பேரன் பேத்திகளே முட்டையை விட்டு வந்திருப்பார்கள்.