மே மாதத்திலும் தாங்கும் வேகம்

1999-இல் சென்னை ரிச்சி தெருவுக்குக் கணினி வாங்கப் போனால் ஒரே கடையில் வேலை முடியாது. மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினெட் இன்னொரு கடை என்று அலைந்து, எல்லாவற்றையும் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் கொடுத்து அசெம்பிள் செய்து வாங்குவோம். அப்பா பி.எஃப். கடன் போட்டுத் தந்த பணத்தில் எங்கள் வீட்டுக்கு அப்படி வந்ததுதான் செலரான் 300ஏ.

அந்த ப்ராசஸரின் பெருமை அன்று ஓவர்கிளாக் செய்கிற, அதாவது குறித்த வேகத்துக்கு மேலே ஏற்றி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். 1998 ஆகஸ்டில் இன்டெல் அதை வெளியிட்டபோது அமெரிக்காவில் அதன் விலை 149 டாலர். அதே நாளில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸின் விலை 669 டாலர். இரண்டும் ஒரே 250 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. செலரானுக்குள் 128 கேபி கேச் சில்லின் மேலேயே உட்கார்ந்து முழு வேகத்தில் ஓடும். பென்டியம் 2-இன் 512 கேபி கேச்சோ சில்லுக்கு வெளியே பாதி வேகத்தில் ஓடும். செலரானின் மல்டிப்ளையர் 4.5, அதை மாற்ற முடியாது. பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 300. பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 450. விலை குறைந்த சில்லுக்குள் விலை உயர்ந்த சில்லின் வேகம் சும்மா கிடந்தது.

ஒரேயடியாக 100-க்குப் போக எனக்குப் பயம். நடுவில் 75, 83 என்று இரண்டு படிகள் இருந்தன. படிப்படியாக ஏறுவதுதான் நிதானம் என்று நினைத்து 83-இல் நிறுத்தினேன். ப்ராசஸர் 375 மெகாஹெர்ட்ஸில் ஓடியது; தொட்டுப் பார்த்தால் சூடுகூட இல்லை. ஒரு வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. அடுத்த வாரம் அக்கா எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்தாள். மூன்றாவது அத்தியாயம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கிறுக்கல். அவளிடம் இருந்த ஃப்ளாப்பி மூன்று வாரப் பழசு. சமர்ப்பிக்க ஒன்பது நாள்தான் இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. ராத்திரி சமையலறை விளக்கில் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தண்டனை.

கணினியைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு ஓடினேன். அண்ணன் ஐந்து நிமிஷம்தான் பார்த்தார்.

“தம்பி, ப்ராசஸர் நல்லாத்தான் இருக்கு. ஹார்ட் டிஸ்க்கு பேசுற பாதைதான் கெட்டுது. அது பிசிஐ பஸ்ஸுல ஓடுது. அதோட அளவு 33. பஸ் 66-ல இருந்தா பாதியாப் பிரிச்சி 33 குடுக்கும். 100-ல வெச்சா மூணாப் பிரிச்சி அப்பவும் 33 குடுக்கும். நீ 83-ல வெச்ச. பாதி போட்டா 41 ஆச்சி. அந்த வேகத்துல எழுதினா தப்பாத்தான் எழுதும்.”

அவர் சொன்னது இன்றுவரை என் மனசை விட்டுப் போகவில்லை. பாதி வழியில் நின்றதுதான் ஆபத்தாகிவிட்டது. முழு தூரம் போயிருந்தால் பாதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு எண்ணை மாற்றும்போது அதோடு சேர்ந்து எது எது மாறுகிறது என்று தெரியாமல் செய்வது நிதானமே இல்லை. ஓவர்கிளாக் என்றால் ப்ராசஸர் கருகிவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது கருகுவது அபூர்வம். யாருக்கும் தெரியாமல் ஒரு கணக்கு தப்பாகி, அந்தத் தப்பு ஃபைலில் போய் உட்காருவதுதான் அடிக்கடி நடக்கிற நஷ்டம்.

பிறகு பிசி100 ரேம் வாங்கி, பெரிய ஹீட் சிங்க் மாட்டி, 450-இல் ஓட்டினோம். டிசம்பர் மாதம் இரவு பகலாகச் சோதித்தேன்; அசையவில்லை. மே மாதம் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குத் திரை அப்படியே உறைந்து நின்றது. அதற்கு இரண்டாவது மின்விசிறி போட்ட பிறகுதான் 450 எங்களுடைய வேகம் ஆனது. அந்தப் பெட்டி ஐந்து வருஷம் உழைத்தது.

இப்போது அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். தெரிந்தவர் வீட்டில் தூக்கிப்போட இருந்த ஒரு பழைய கணினியை வாங்கி வந்தான். உள்ளே கோர் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வந்த சில்லு. விண்டோஸ் 11 இதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம் என்பது அவன் கணக்கு.

“மாமா, நெட்ல சில பேரு இத 4.8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்தியிருக்காங்க.”

“அவங்க ரூம் 20 டிகிரி. நம்ம வீட்டுல மே மாசம் ஃபேனுக்குக் கீழயே 36. ரூம்ல ஏறுற ஒவ்வொரு டிகிரியும் சில்லுலயும் ஏறும். இங்கயே அந்த 16 போயிடுச்சி.”

இருவரும் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். முதல் வேலை பேக்கப். வெளியே கழற்றி வைக்கிற தனி டிஸ்க்கில். அடுத்தது தூசி. ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி அடைத்திருந்ததை எடுத்தோம். காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தோம். மதர்போர்டில் கெப்பாசிட்டர் ஏதாவது உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினோம். எந்த வேகத்தையும் தொடாமல் முழுச் சுமையில் ஓட்டி, வெப்பத்தை நோட்டில் எழுதிக்கொண்டோம். இதெல்லாம் முடியாமல் பயாஸ் பக்கமே போகக்கூடாது.

இந்தச் சில்லில் பஸ்ஸைத் தொட வேண்டிய தேவையே இல்லை. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கிலிருந்துதான் மற்ற பாதைகளுக்கும் வேகம் போகிறது. அதை ஏற்றினால் நான் 83-இல் பட்டதையே மறுபடியும் படவேண்டும். ‘கே’ எழுத்து உள்ள சில்லில் மல்டிப்ளையர் திறந்திருக்கிறது. போர்டில் பி67 அல்லது இசட்68 சிப்செட் இருந்தால் மல்டிப்ளையரின் 33-ஐ மட்டும் ஏற்றினால் போதும். எச்61 போர்டு என்றால் இந்த ஆசையையே விட்டுவிட வேண்டியதுதான்.

மின்னழுத்தத்தை ‘ஆட்டோ’வில் விடவில்லை. விட்டால் பல போர்டுகள் தேவைக்கு மேலே அள்ளிக் கொடுக்கும். வெப்பம் வேகத்துக்கு நேராக ஏறும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கமாக ஏறும். 3.3 கிகாஹெர்ட்ஸை 4.2 ஆக்கி, 1.20 வோல்ட்டை 1.26 ஆக்கினால் வேகம் 27 சதவீதம்தான் கூடுகிறது. வெப்பமோ 40 சதவீதம் கூடுகிறது. இன்னும் மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் கொடுக்கிற விலை வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓட்டி, ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்கினோம். ரேமை அதன் சொந்த வேகத்திலேயே விட்டோம். ஓய்வில் 1.6-க்கு இறங்குகிற மின்சேமிப்பையும் அணைக்கவில்லை.

4.4-இல் மூன்று மணி நேரம் ஓடியது. பையனுக்கு அங்கேயே நிற்க ஆசை. அதற்கு வேண்டிய கூடுதல் மின்னழுத்தத்தோடு மே மத்தியானத்தில் வெப்பம் 85-ஐத் தாண்டியது. 98-இல் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் குடித்தனம் வேண்டாம் என்றேன். 4.2-க்கு இறங்கினோம். 75-ஐத் தாண்டவில்லை.

அன்று தொழிற்சாலை மிச்சம் வைத்ததை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இன்றைய புதிய சில்லுகளில் அந்த மிச்சத்தைத் தொழிற்சாலையே டர்போ என்ற பெயரில் எடுத்துவிடுகிறது. மிச்சமே இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2024-இல் பார்த்தோம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுத் தளர்ந்துபோயின. மைக்ரோகோடைத் திருத்தி, உத்தரவாதத்தை 2 வருஷம் நீட்டிக்க வேண்டி வந்தது. வாங்கிய பெட்டியை ஒருநாளும் தொடாதவர்களுக்கும் அந்தச் சேதம் வந்தது. மிச்சம் வைப்பது வீண் இல்லை. அதுதான் சில்லின் ஆயுள்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், ரேமைக் கூட்டுங்கள். ஓவர்கிளாக்கை விட அவை அதிக வித்தியாசம் காட்டும். அதற்குப் பிறகும் வேகம் வேண்டுமென்றால் தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் பேக்கப் எடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள். மாற்றினால் எது எது மாறும் என்று தெரியாத எண்ணைத் தொடாதீர்கள். டிசம்பரில் நின்ற வேகத்தை நம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் நிற்கிற வேகம் எதுவோ, அதுவே உங்கள் கணினியின் உண்மையான வேகம்.