மேப்பல்லு இல்லாத மாடு

வா சாமி, வா. ஏழாவது கம்பெனிக்காரனும் வேண்டாம்னுட்டானாமா? உங்கம்மா போன்ல ஒரே அழுகை. நீ அப்பிச்சி ஊருக்கு வந்து மூணு நாளாச்சு, போர்வைக்குள்ளிருந்து மூஞ்சி வெளிய வரலை. ஆனா அம்மிச்சி சுடற பணியாரம் மட்டும் தட்டுல தங்கறதில்லை. துக்கத்துக்கு நல்லாப் பசிக்கும்போல.

என்ன எழுதியிருக்கான், படி கேப்போம். 'உங்க தெறமையைப் பாராட்டறோம், விவரத்தைப் பத்திரமா வெச்சிருக்கோம், எடம் வந்தா கூப்படறோம்.' அடேயப்பா! கண்ணபுரம் சந்தையில அம்பது வருசமா நான் கேட்ட பேச்சல்லோ இது. காளையைத் தலையிலிருந்து வாலு வரைக்கும் தடவிப் பாத்துட்டு, 'ஒரு சுத்து போயிட்டு வாரனுங்க'ன்னு நடையைக் கட்டுவான் பாரு, அவன்தான் இவன். தேரு சுத்தி நெலைக்கு வந்தாலும் அவன் வரமாட்டான். அதுக்காகக் காளை போர்த்திப் படுத்துக்குதா? அது பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நிக்குது.

சரி, எதனால வேண்டாம்னான்? ரெண்டு வருச அனுபவம் இல்லையாமா? அது பல்லுக் கணக்குடா. கன்னோட வாயைப் பிரிச்சா கீழ எட்டும் பால் பல்லு. ரெண்டு, ரெண்டரை வயசுலதான் நடுவால ரெண்டு விழுந்து நெலைப்பல்லு மொளைக்கும். பல்லுப் போடாத கன்னை ஏருக்குக் கேக்கமாட்டான். அது கன்னு குத்தமுமில்லை, வாங்கறவன் குத்தமுமில்லை. கன்னுக்குத் தின்னுக்கிட்டே இருந்தாப் பல்லு வந்துரும். உனக்குப் பணியாரத்துல வராது. சம்பளம் கம்மியோ, கம்பெனி சின்னதோ, எங்கயாச்சும் நொகத்தடியில கழுத்தைக் குடுத்தாத்தான் வரும்.

அப்பறம் ஒருக்கா, புதுசாப் பணம் பாத்தவன் ஒருத்தன் வந்தான். என் மயிலைக் காளை வாயைத் தொறந்தவன் மேல்தாடையைப் பாத்துட்டு, 'மேல ஒரு பல்லுகூட இல்லை, கெழட்டு மாட்டை என் தலையில கட்டப் பாக்கறயா?'ன்னு ஊரைக் கூட்டிட்டான். மாட்டுச் சாதிக்கே மேல முன்பல்லு கெடையாதுன்னு அவனுக்கு ஆரு சொல்லறது? தரகர் சிரிப்பு தாங்காம துண்டைக் கடிச்சுக்கிட்டார். நான், 'ஆமாங்க, நேத்துத்தான் விழுந்துச்சு'ன்னேன். பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்த பல்லடத்துக்காரர் அப்பவே வெலை பேசத் துண்டுக்குள்ள கையை வுட்டு என் வெரலைப் புடிச்சுட்டார். நான் அன்னைக்குச் சண்டைக்கு நின்னிருந்தா அவரும் போயிருப்பார்.

உன்னைக் கேள்வி கேட்டவனுங்கள்ளயும் ஒரு மேப்பல்லுக்காரன் இருந்திருப்பான். உடனே மூஞ்சி மலருது பாரு! ஏழு பேரும் அப்படித்தான்னு சொல்லிப்போடாதே. ஏழு பேரும் ஒரே எடத்தைத் தொட்டுப் பாத்துட்டுத் திரும்பிப் போனா, அங்க நொகப்புண்ணு இருக்குது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆத்தோணும், மேல துணியைப் போத்தி மறைக்கப்படாது. எழுதுன புரோகிராமை வாயால வெளக்கச் சொன்னா நாக்குக் கொழறுதுன்னு முந்தாநாள் நீதானே சொன்னே? புண்ணு அங்கதான்.

வேண்டாம்னு திருப்பியனுப்பறது உனக்கு மட்டுமா நடக்குது? நம்ம ஈரோட்டுல 1887ல பொறந்தவரு ராமானுஜன். உன்னாட்டவே அம்மாவூட்டுப் புள்ளை. கணக்கே கதின்னு கெடந்ததுல மத்த பாடமெல்லாம் கோட்டை வுட்டு, கும்பகோணம் காலேஜுல உதவித்தொகை போச்சு. மெட்ராசுல பச்சையப்பன் காலேஜுக்குப் போயும் தேறலை. 1912ல துறைமுகத்துல குமாஸ்தா, மாசம் 30 ரூவா. அங்கிருந்துதான் கேம்பிரிட்ஜுக்குக் கடுதாசி போட்டார். ரெண்டு பெரிய வாத்தியாருங்க கண்டுக்கலை. 1913 ஜனவரியில ஹார்டிங்கற வாத்தியாருக்குப் போட்டதுதான் புடிச்சுது. கதை அதோட முடிஞ்சுதும்பாங்க, முடியலை. சீமைக்குப் போன பொறவும் 1917ல ட்ரினிட்டி காலேஜு ஃபெலோவா எடுத்துக்க மாட்டேன்னுருச்சு. அடுத்த வருசம் ராயல் சொசைட்டி சேத்துக்கிட்டுது, பின்னாலயே அதே ட்ரினிட்டி வாங்கன்னு கூப்பிட்டுச்சு. பெரிய காலேஜானாலும் சந்தைப் புத்திதான், ஒருத்தன் வெலை கேட்டாத்தான் அடுத்தவனும் கேப்பான். என்ன முழிக்கறே? லைப்ரரிக்கு நான் சீட்டாடத்தான் போறன்னு உங்க அம்மிச்சிதான் நெனைச்சுக்கிட்டிருக்கறா.

எந்திரி. பணியாரத்துக்குக் கூலியாக் கட்டுத்தரையில சாணியை அள்ளிப்போடு. அப்பறம் ஒரு நோட்டை எடுத்து, ஏழு எடத்துலயும் என்ன கேட்டாங்க, எங்க முழிச்சேன்னு எழுது. பொழுது சாஞ்சா என்கிட்ட அந்த புரோகிராமை வெளக்கு. எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டீன்னா எவனுக்கும் சொல்லிரலாம். அப்படியே ரெண்டு எடத்துக்கு விண்ணப்பமும் போட்டிரு. உங்கய்யன் நாளைக்கு வெடியால வாராராமா. நீ போர்வைக்குள்ள கெடந்தீன்னா உன்னோட சேத்து என்னையும் வாயைத் தொறக்கச் சொல்லுவார். எனக்கு மேலயும் இல்லை, கீழயும் இல்லை.