கப்பல் நிமிர்ந்து நிற்கும் ஊரில் பை சாயலாமா?

கேள்வி: வீட்டிலேயே கைப்பையும் பர்ஸும் தைத்து, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு விற்க ஆசை. ஆனால் தைத்த பை துவண்டு விழுகிறது. உள்ளே எந்த ஃபோம் வைக்கலாம்? (வாசகி, உவரி)

பதில்: கப்பல் வடிவில் மாதா கோயில் நிமிர்ந்து நிற்கும் ஊர் உங்களுடையது. அங்கே பை சாயலாமா!

மெத்தைக்குப் போடும் வெறும் ஸ்பாஞ்ச் வேண்டாம். தையல் அதைக் கிழித்துக்கொண்டு போகும். இருபுறமும் மெல்லிய துணி ஒட்டிய ஃபோமைக் கேளுங்கள். கடையிலேயே மூலையை மடித்து, நகத்தால் அழுத்தி, விட்டுப் பாருங்கள். தடம் விழாமல் எழுந்தால் வாங்கலாம். பர்ஸுக்கு 2 மி.மீ. கனம் போதும், தோள்பைக்கு 5 மி.மீ. வரை போகலாம்.

ஈரக்காற்றில் பாலியூரித்தேன் ஃபோம் நாளடைவில் மஞ்சளித்துப் பொடியும். அதனால் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். வெயில் படாமல் வையுங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். பிளாஸ்டிக் ஜிப்பே நல்லது.

16-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைச் சற்று நீளமாக வையுங்கள். ஓரம் தைத்ததும், தையலுக்கு வெளியே நீட்டும் ஃபோமை ஒட்ட நறுக்கிவிடுங்கள். மூலை திரும்பும்போது மிஷின் திணறாது. பையைப் புரட்டினால் முனை கூர்மையாக வரும்.

பத்தமடைக் கோரைப் பாயில் தைப்பதானால் ஃபோமே வேண்டாம், பருத்தி லைனிங் போதும். தாமிரபரணிக் கோரைக்கு முதுகெலும்பு பிறவியிலேயே உண்டு!