முறுக்குக் கடைப் பேனரும் சோழர் கல்வெட்டும்: ஓர் ஒப்பாய்வு

1. களமும் எல்லையும்

தமிழ்க் கல்வெட்டியல் இதுவரை கல்லோடும் செப்பேட்டோடும் நின்றுவிட்டது. நடுத்தர ஊர் ஒன்றின் கடைத்தெருவில் நாள்தோறும் உருவாகி, ஃபேஸ்புக் பக்கங்களின் தலையில் ஏற்றப்படும் முகப்புப் பேனர்களை மைப்படி எடுக்க யாரும் முன்வரவில்லை. இக்கட்டுரை அந்த இழுக்கைத் துடைக்க முயல்கிறது.

முறுக்குக் கடை, ஜவுளிக் கடை, தையல் கடை, செல்போன் ரிப்பேர் கடை ஆகிய நான்கு வகைக் கடைகளின் பேனர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. பெரிய நகை மாளிகைகள் விலக்கப்பட்டன. அவர்களுக்கு விளம்பர நிறுவனங்கள் இருப்பதால், ஆய்வாளன் வாழ்வதற்குத் தேவையான பிழைகள் அங்கே கிடைப்பதில்லை. மாதிரிகளின் எண்ணிக்கை வேண்டுமென்றே தரப்படவில்லை. தந்தால் அடுத்து சதவீதம் கேட்பார்கள்.

2. பேனரின் உறுப்புகள்

சோழர் கல்வெட்டு ஒன்றின் அமைப்பு அறிஞர் அறிந்ததே. முதலில் மங்கலச் சொல். அடுத்து, முதலாம் இராசராசன் காலத்திலிருந்து நிலைபெற்ற, அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி. பிறகு ஆட்சியாண்டு, கொடைச் செய்தி, நிலத்தின் நாற்பால் எல்லை. இறுதியில், அறத்தைக் காப்பவன் பாதத்தைத் தலைமேல் வைத்து, அழிப்பவனைச் சபிக்கும் ஓம்படைக்கிளவி.

இனி, சான்றாக ஒரு முறுக்குக் கடையின் பேனரை நோக்குக. உச்சியில் நடுவே குலதெய்வம், இருபுறமும் பிள்ளையாரும் முருகனும்: மங்கலம். அடுத்து, காலஞ்சென்ற நிறுவனரின் மாலையிட்ட படம், கைகூப்பிய நிலையில் இந்நாள் உரிமையாளர், ‘பாரம்பரியமிக்க, கைபடாத, முதல்தரமான’ என்னும் அடைமொழி வரிசை: மெய்க்கீர்த்தி. ‘25ஆம் ஆண்டில்’ என்ற நட்சத்திர முத்திரை: ஆட்சியாண்டு. ‘பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில், பேங்க் மாடிக்குக் கீழ், மெடிக்கல் பக்கத்தில்’: எல்லை. அடியில் சிவப்புப் பட்டையில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’: ஓம்படைக்கிளவி. போலிக் கிளை திறப்பவனுக்கான சாபம் எழுதப்படவில்லை என்றாலும் தொனியில் உள்ளது.

ஆயிரம் ஆண்டுகளில் உறுப்புகளும் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. ஒரே ஒரு வேறுபாடு: கல்வெட்டில் கொடைப் பொருள் இன்னதென்று தெளிவாக இருக்கும். இவ்வளவு நிலம், இத்தனை ஆடு, நாளொன்றுக்கு இவ்வளவு நெய் என்று அளவோடு சொல்லியிருப்பார்கள். பேனரில் முறுக்கு எங்கே என்று தேடினால், வலது கீழ் மூலையில், தொலைபேசி எண்ணுக்குப் பின்னால், பாதி மறைந்த நிலையில் ஒன்று அகப்படுகிறது. அதுவும் இணையத்தில் எடுத்த படம், யாருடைய முறுக்கோ.

3. நெரிசலுக்கான பொருளியல் விளக்கம்

வெற்றிடத்தைக் கண்டு கடைக்காரர் ஏன் அஞ்சுகிறார்? அழகுணர்ச்சிக் குறைவு என்று சொல்லித் தப்பிப்பது ஆய்வு நேர்மையாகாது. நாம் முன்வைக்கும் கருதுகோள் வேறு. பிளக்ஸ் பேனருக்குச் சதுர அடிக் கணக்கில் காசு. பத்துக்கு எட்டு அடித்தால் எண்பது சதுர அடிக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். காசு கொடுத்த இடத்தைச் சும்மா விடுவது, மனையை வாங்கிப் போட்டுவிட்டு வாடகை வீட்டில் இருப்பதற்குச் சமம். ஆகவே நிரப்புகிறார்கள். இணையத்தில் அந்த இடம் இலவசம்; ஆனால் கை, பழைய கணக்கிலேயே ஓடுகிறது. பல கடைகளில் பிளக்ஸுக்குச் செய்த கோப்பே அப்படியே ஃபேஸ்புக்கிலும் ஏறுகிறது.

இதற்கு நேரெதிரான ஒரு சட்டம் வரலாற்றில் இருந்தது. 2012இல் வணிகப் பக்கங்களுக்கு முகப்புப் படம் வந்தபோது விலை, தள்ளுபடி, தொடர்பு எண், முகவரி, ‘உடனே வாங்குங்கள்’ போன்ற அழைப்பு எதுவும் அதில் கூடாது என்று ஃபேஸ்புக் விதித்தது. 2013 தொடக்கத்தில் எழுத்து 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. அதே ஆண்டில் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் விட்டது. கடைத்தெருவுக்கு விதி வந்த செய்தியும் எட்டவில்லை, போன செய்தியும் எட்டவில்லை.

4. சிதைவு வகைகள்

4.1 வெட்டுண்ட பகுதி. கல்வெட்டு சிதைய நூற்றாண்டுகள் வேண்டும். பேனர், கணினியிலிருந்து கைபேசிக்குப் போகும் நொடியில் சிதைகிறது. ஃபேஸ்புக் முகப்புப் படம் கணினியில் 851க்கு 315 என்ற அளவிலும், கைபேசியில் 640க்கு 360 என்ற அளவிலும் காட்டப்படுகிறது. முன்னது நீளப் பட்டை, பின்னது ஏறத்தாழ டிவித் திரை. பட்டையாகச் செய்த படத்தைக் கைபேசியில் பார்த்தால் இரு ஓரமும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். நமது சான்றில் இடப்புறம் நின்ற பிள்ளையாரும் வலப்புறம் இருந்த எண்ணின் கடைசி இலக்கங்களும் இவ்வாறே மறைந்தன. இடது கீழ்ப்பகுதியில் மிஞ்சியதன் மேல் வட்டப் புரொஃபைல் படம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

யூடியூபின் நிலை இன்னும் கடுமை. அங்கே குறைந்தபட்சம் 2048க்கு 1152 அளவுள்ள படத்தைக் கேட்கிறார்கள். ஆனால் எழுத்தும் சின்னமும் எல்லாக் கருவியிலும் தப்பிப் பிழைக்கும் என்று உறுதி தரப்படுவது நடுவிலுள்ள 1235க்கு 338 பகுதிக்கு மட்டும். பரப்பில் ஆறில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். முழுப் படத்தையும் காண வேண்டுமானால் வாடிக்கையாளர் டிவியில் வந்து பார்க்க வேண்டும். முறுக்கு வாங்க யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

4.2 நெட்டுக்குத்துப் பிழை. ஜவுளிக் கடைகளில் மிகுதி. பொம்மைக்குக் கட்டிய சேலையை உயரவாக்கில் படமெடுத்து நீளப் பட்டையில் இடுவர். விளைவு, கழுத்திலிருந்து இடுப்புவரை மட்டும் தெரியும் தலையில்லாப் படிமம். தொல்லியலில் இத்தகைய படிமங்களுக்கு மதிப்புண்டு. முகூர்த்தப் பட்டு எடுக்க வருபவரிடம் இல்லை.

4.3 எழுத்துச் சிதைவு. இது இருவகைப்படும். ஒன்று, பாமினி எழுத்துருவில் அடித்த வாசகம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கப்பட்டு, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிற்பது. மற்றொன்று, யூனிகோடு தமிழைப் பழைய போட்டோஷாப்பில் ஒட்டும்போது கொம்பும் காலும் தம் மெய்யைவிட்டுப் பிரிந்து தனித்தனியே அலைவது. இரண்டாவதை வாசகர் சிரமப்பட்டுப் படித்துவிடுவர். முதலாவதைச் சிந்துவெளி எழுத்தோடு சேர்த்துவிடலாம்.

4.4 வாட்ஸ்அப் தேய்மானம். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. எழுத்தின் கூரான ஓரங்களே முதலில் அடிவாங்கும். டிசைனர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடைக்காரர் மைத்துனருக்கு அனுப்பி, மைத்துனர் பக்கத்தில் ஏற்றுவதற்குள் ‘நெய் முறுக்கு’ என்பதன் புள்ளிகள் எண்ணெயில் ஊறியதுபோல் ஆகிவிடுகின்றன. ‘டாக்குமெண்டா அனுப்புங்க’ என்ற ஒற்றை வாசகத்தில் இதற்குரிய முழு மருந்தும் அடங்கியுள்ளது.

4.5 காலப் பிழை. தை மாதத்திலும் ‘ஆடித் தள்ளுபடி’ நிற்கும் பேனர்கள் உள. இவற்றைக் கொண்டு கடை தொடங்கிய ஆண்டைக் கணிக்க இயலாது. பாஸ்வேர்டு தொலைந்த மாதத்தைக் கணிக்கலாம்.

5. நூலாசிரியர் யார்?

ஒரு பேனருக்கு ஓர் ஆசிரியர் என்று கொள்வதற்கில்லை. டிசைன் சென்டரில் கேட்ட பின்வரும் உரையாடல், இடைச்செருகல்கள் எவ்வாறு நுழைகின்றன என்பதற்குச் சான்று:

“அண்ணே, இதுக்கு மேல எழுத்து போட்டா முறுக்கு தெரியாது.”

“முறுக்கு எல்லாருக்கும் தெரியும் தம்பி. ரெண்டாவது நம்பரையும் போடு.”

“அதுக்கு இடமில்லண்ணே.”

“அப்பா படத்தச் சின்னதாக்கிடாத. முறுக்கச் சின்னதாக்கு. அப்படியே மச்சான் பேரையும் ஒரு ஓரத்துல போட்ரு, பக்கத்த அவன்தான் பாத்துக்கிறான்.”

இதிலிருந்து பெறப்படுவது: பேனரின் முதல் வாசகர் வாடிக்கையாளர் அல்லர், சொந்தக்காரர். அப்பா படம் பெரிதாக இருக்கிறதா என்று சித்தப்பா பார்க்கிறார். தன் பெயர் இருக்கிறதா என்று மச்சான் பார்க்கிறார். தன்னைக் காட்டிலும் தம்பி சிவப்பாகத் தெரிகிறானா என்று அண்ணன் பார்க்கிறார். அரசனின் கல்வெட்டும் ஒருவகையில் இப்படிப்பட்டதே. மெய்க்கீர்த்தியைப் பாடி மகிழ்ந்தவர்கள் யாரென்றாலும், உழவனுக்கு வேண்டியிருந்தது தன் நிலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது மட்டும்தான். கடைக்கு வருபவருக்கும் ஒரே கேள்வி: இங்கே எனக்கு என்ன கிடைக்கும்?

6. பரிந்துரைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், மெய்க்கீர்த்தியைக் குறைத்துக் கொடைப் பொருளைப் பெருக்குமாறு கடைகளுக்குப் பின்வரும் விதிகள் முன்மொழியப்படுகின்றன.

முதலாவது, படத்தில் ஒரே பொருள் இருத்தல் வேண்டும்; அது கடையின் சொந்தப் பொருளாக இருத்தல் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கைகுலுக்கும் கோட்டுக்காரர்களும், காதில் ஹெட்செட் மாட்டிய பெண்ணும் எந்தத் தையல் கடையிலும் வேலை செய்யவில்லை. போதாக்குறைக்கு அந்தப் படங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. சிலர் தம் பெயரைக் குறுக்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, படுக்கைவாட்டில் நீளும் காட்சியைத் தேர்க. தட்டு வரிசை, துணி அடுக்கு, நூல்கண்டு ரேக், ரிப்பேர் மேசை ஆகியன பட்டைக்குள் தாமே அடங்கும். போனைப் படுக்கவைத்து, லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்து, காலை வெயில் கடைக்குள் வரும் நேரத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுக்க. முக்கியமானதை நடுவில் வைத்து, வெட்டுப்பட்டாலும் பாதகமில்லாதவற்றை ஓரங்களுக்குத் தள்ளுக.

மூன்றாவது, தொலைபேசி எண்ணைப் படத்திலிருந்து நீக்குக. படத்திலுள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. பக்கத்தின் விவரப் பகுதியிலும் பொத்தானிலும் கொடுத்தால் போகும். முகவரிக்கும் இவ்விதியே, அங்கே வரைபடமும் உடன் வரும்.

நான்காவது, எழுத்து வேண்டுமென்றால் ஒரு வரி, தடித்த எழுத்தில். கொம்பும் சுழியும் கொண்ட நம் எழுத்து, சிறிய அளவில் ஆங்கில எழுத்தைவிட விரைவில் குழம்பும். கடைப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற விகிதம் சொல்லப்படுகிறது. பேனரில் தமிழுக்கே 5 வார்த்தை போதும். எழுத்துள்ள படத்தைப் பிஎன்ஜி கோப்பாக ஏற்றுக. கடைச் சின்னம் புரொஃபைல் வட்டத்தில் இருக்கும்போது மறுபடியும் பேனரில் வேண்டாம்.

ஐந்தாவது, தள்ளுபடிப் பேனரை ஏற்றும் அன்றே அதை இறக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க.

7. மறுப்பும் முடிவும்

இவ்விதிகள் நமது முறுக்குக் கடையில் சோதித்துப் பார்க்கப்பட்டன. புதிய பேனரில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்து அடுக்கிய முறுக்குத் தட்டு மட்டும். அடியில் ‘தினமும் நாலு மணிக்குச் சூடாக’ என்ற ஒரு வரி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுப்புகள் எழுந்தன. சாமி எங்கே என்றார் பெரியம்மா. அப்பாவை மறந்துவிட்டாயா என்றார் சித்தப்பா. மச்சான் எதுவும் சொல்லாமல் குழுவைவிட்டு வெளியேறினார். இதற்கிடையில், அறிமுகமில்லாத ஒருவர் பக்கத்தின் கீழே ‘அஞ்சு மணிக்கு வந்தா இருக்குமா?’ என்று கேட்டிருந்தார்.

இவ்விரு தரவுகளையும் ஒப்பிட்டு நாம் எட்டிய முடிபு: சிறுகடைப் பேனர் ஒன்றின் தரத்தை அளக்க, உறவினர் மனத்தாங்கலே நம்பத்தக்க அளவுகோல். வீட்டில் எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டினால், படத்தைத் திரும்ப டிசைன் சென்டருக்கு அனுப்பலாம், டாக்குமெண்டாக.