கண்டியில் ஒரு கரையோரக் கடற்பயணம்

கடல் மட்டத்துக்கு 500 மீற்றர் மேலே இருக்கும் ஊரில் கப்பல் யோகம் இல்லை என்று யார் சொன்னது? கண்டி வாவியில் மோட்டார்ப் படகு ஓடுகிறது. சுற்றளவு மூன்று கிலோமீற்றர் சொச்சம். ஆகவே முழுப் பயணமும் கரையோரம்தான், ஆழ்கடலுக்கு விலக இடமில்லை.

உயிர்காப்பு அங்கியைக் கட்டியதுமே ஆளுக்கு மாலுமிக் களை வந்துவிடும். வலப்புறம் தலதா மாளிகை, இடப்புறம் மல்வத்தை விகாரை. நடுவில் ஒரு தீவு: அரசனின் அந்தப்புரம் என்று ஊர் சொல்லும், வெள்ளைக்காரன் வந்து வெடிமருந்து வைத்தான். இரண்டுமே நெருப்புத்தான். கரைக் கல்லில் ஒரு கபரகொய்யா நாக்கை நீட்டி நம்மைத் தணிக்கை செய்கிறது. அலை? பக்கத்துப் படகு போனால் வரும்.

“அண்ணே, இது எங்க போகும்?”

“திரும்பி வரும்.”

வயலை மறித்து 1807இல் இந்த வாவியைக் கட்டத் தொடங்கிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், சுற்றி முகில் வடிவ மதிலும் எழுப்பினான். மதில் முடியுமுன் 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்துவிட்டார்கள். நிஜக் கடற்பயணம் வாய்த்தது அவனுக்குத்தான்: அடுத்த ஆண்டு ஜனவரியில் கோர்ன்வாலிஸ் கப்பலில் குடும்பத்தோடு மதராஸ், பிறகு வேலூர்க் கோட்டையில் 1832இல் சாகும்வரை தங்குமிடம். செலவெல்லாம் ஆங்கிலேயர் கணக்கு. திரும்பி வரத்தான் டிக்கெட் போடவில்லை.