சேவல் கூவித்தான் விடிஞ்சுதா தம்பி?

வாய்யா, உக்காரு. முட்டி வலின்னு நொண்டிக்கிட்டு வந்தாலும் போன மட்டும் கெட்டியாப் புடிச்சிருக்க. அதுல என்ன, ‘ஸ்டெம் செல் ஊசி போட்டேன், ஓடுறேன்’னு ஒரு ஆளு குதிக்கிற வீடியோவா? நம்ம பண்டமாரான் ஊரு முழுக்க அதத்தான் அனுப்பிக்கிட்டிருக்கானுங்க. நீயும் மெடிக்கல் கார்டு கம்பெனிக்கு எழுதிப் போட்ட. அவன் ‘இது பரிசோதனையில இருக்குற வைத்தியம், காசு கட்ட முடியாது’ன்னுட்டான். இப்போ உனக்கு மூக்குக்கு மேல கோவம்.

கோவப்படு, வேணாங்கல. ஊசி போட்டவன் ஓடுறான், சரி. போடாமலே எத்தன பேருக்கு வலி தானா கொறஞ்சுச்சு? அதக் கேட்டா வீடியோ வாயத் தொறக்காது. சேவல் வளக்குறவன் தன் சேவல் கூவித்தான் விடிஞ்சுதுன்னு சொல்லத்தான் செய்வான்.

ஊசிய விடு, முட்டி ஆப்பரேஷனயே எடுத்துக்க. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல முட்டி தேஞ்ச 180 பேர வச்சுப் பாத்தாங்க. 2002-ல வெளிவந்த ஆராய்ச்சி. சில பேருக்கு உள்ள குழாய விட்டுச் சொரண்டுனாங்க, சில பேருக்குக் கழுவி மட்டும் விட்டாங்க. மிச்சப் பேருக்குத் தோல மட்டும் கீறித் தையல் போட்டாங்க, அவ்வளவுதான்! யாருக்கு எதுன்னு நோயாளிக்குச் சொல்லல. ரெண்டு வருஷம் கழிச்சும் மூணு கூட்டத்துக்கும் வலியில பெருசா வித்தியாசமில்ல. தோல் கீறுனவனும் ‘தேவலாம் டாக்டர்’னுதான் சொல்லியிருப்பான். பொறவு அங்க மெடிகேர் திட்டம், வெறும் தேய்மானத்துக்குன்னா அந்த ஆப்பரேஷனுக்குக் காசில்லன்னுருச்சு.

நம்ம சுகாதார அமைச்சுலயும் 1995-லேர்ந்து இப்படி ஆதாரம் பாக்குறதுக்குன்னு மாதாஸ்னு ஒரு பிரிவு இருக்கு. புது மெஷின், புது வைத்தியம் வந்தா, இருக்குற ஆராய்ச்சியெல்லாம் தோண்டியெடுத்து, பழசவிட மேலா, செலவுக்குத் தகுமான்னு பாப்பாங்க. மெஷின அரசாங்கத்துல பதிஞ்சாச்சேன்னு நீ துள்ளாத. பதிஞ்சதுன்னா ஆபத்து அளவோட இருக்கும், சொன்ன வேலையச் செய்யும், அம்புட்டுதான். பழசவிட ஒசத்தின்னு யாரும் எழுதித் தரல.

அதுக்காக கம்பெனிக்காரன் உத்தமன்னு நெனச்சுடாத. ஒங்கிட்ட ஆதாரம் கேக்குறவன், பிரிமியம் ஏத்துறப்போ ஏன் அவ்வளவுன்னு சொல்றானா? 2024 கடைசியில ஏறுன ஏத்தத்துக்கு பேங்க் நெகாராவே குறுக்க வந்து, ‘மூணு வருஷத்துக்காவது பிரிச்சுப் போடு’ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

போ, ஏஜென்டுக்குப் போன் போடு. ‘பரிசோதனை வைத்தியம்’னு பாலிசியில எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, எந்த ஆராய்ச்சியப் பாத்துட்டு இல்லன்னாங்கன்னு கேளு. கார்டு விக்கிறப்போ தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு, ‘எல்லாம் கவராவும் லா’ன்னவரு, இப்ப போன எடுக்குறாரான்னு நானும் கூட இருந்து பாக்குறேன்.